மோசமான உலோகங்களில் மீக்கடத்தல் எப்படிப் பிறக்கிறது

ஜெனீவாவுக்கு அருகே நிலத்தடியில் இயங்கும், அணுவினும் சிறிய துகள்களை மோதவிடும் பெரும் ஹேட்ரான் மோதுவியின் காந்தச் சுருள்களில் உள்ள கம்பியிழை ஒன்றைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய விட்டத்துக்குள், செம்புக்கு நடுவே ஏறத்தாழ 8,900 நுண்ணிழைகள் பதிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு நுண்ணிழையும் 7 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்ட நியோபியம்-டைட்டானியக் கலவை. 1.9 கெல்வின் (ஏறத்தாழ −271 டிகிரி செல்சியஸ்) குளிரில் முழுத் திறனுடன் இயங்கும்போது அந்த ஒற்றை இழை 400 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தைச் சுமக்கிறது. அத்தனையும் நுண்ணிழைகள் வழியே தடையின்றி ஓட, சுற்றியுள்ள செம்புக்கு வேலையே இல்லை. ஏதோ ஓரிடம் சில கெல்வின் சூடேறிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. கலவை அக்கணமே மீக்கடத்தும் தன்மையை, அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் இயல்பை, இழந்து மிக மோசமான கடத்தியாகிவிடுவதால், மின்னோட்டம் செம்புக்குள் பாய்கிறது. அந்தக் குளிரில் செம்பின் தடைத்திறன் கலவையினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. செம்பை அங்கே வைத்திருப்பதே இந்த ஆபத்து வேளைக்காகத்தான்.

தடையே இல்லாமல் கடத்துவது மோசமான கடத்தியாகவும், அதற்குக் காவலாக நிற்பது நல்ல கடத்தியாகவும் இருப்பது தற்செயல் அன்று. செம்பு, வெள்ளி, தங்கம் ஆகிய மூன்று சிறந்த கடத்திகளிலும் இதுவரை எட்டப்பட்ட எந்தக் குளிரிலும் மீக்கடத்தல் காணப்படவில்லை. 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஆனஸ் மீக்கடத்தலை முதன்முதலில் கண்டது பாதரசத்தில். வாலை வடித்து மிகத் தூய்மையாக்க முடியும் என்பதால்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். அறை வெப்பநிலையில் பாதரசத்தின் தடைத்திறன் ஏறத்தாழ 96 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர்; செம்பினுடையது 1.7. உலோகங்களிலேயே மந்தமான கடத்திகளில் ஒன்றான அந்தத் திரவம் உறைந்து 4.2 கெல்வினுக்குக் குளிர்ந்தபோது அதன் மின்தடை மறைந்துபோனது. 21 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் தடைத்திறன் கொண்ட ஈயம் 7.2 கெல்வினிலும், 15 கொண்ட நியோபியம் 9.2 கெல்வினிலும் மீக்கடத்திகளாகின்றன. நன்றாகக் கடத்தும் அலுமினியமும் இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது என்றாலும், அது 1.2 கெல்வின் வரை இறங்க வேண்டியிருக்கிறது.

இதன் காரணத்தை ஜான் பார்டீன், லியோன் கூப்பர், ராபர்ட் ஷ்ரீஃபர் ஆகிய மூவர் 1957-ல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து புரிந்துகொள்ளலாம். உலோகத்தில் எலக்ட்ரான் ஒன்று நேர்மின் அயனிகளுக்கு இடையே விரையும்போது அவற்றைச் சற்றே தன் பக்கம் இழுத்துவிட்டுப் போகிறது. எலக்ட்ரானின் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் மீட்டர் அளவினது. கனமான அயனியோ அசைந்து முடிக்கவே ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் எலக்ட்ரான் நூறு நானோமீட்டர் தொலைவுக்குப் போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தில் சிறிது நேரம் தங்கும் நேர்மின் செறிவு வேறோர் எலக்ட்ரானை ஈர்க்கிறது. இரண்டும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதால் அவற்றுக்கிடையிலான மின்விலக்கம் பெருமளவு தணிந்துவிட, மெல்லிய ஈர்ப்பு ஒன்று மிஞ்சுகிறது. எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த கூப்பர் இணைகள் உருவாவது அந்த ஈர்ப்பினால்தான்; மீக்கடத்தலுக்கு அடிப்படை இந்த இணைகளே. அயனியின் நிறையை மாற்றினால், மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையும் மாறும் என்பதை, பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளைக் கொண்டு 1950-லேயே அளந்திருந்தார்கள்.

இப்போது அறை வெப்பநிலைக்கு வருவோம். அங்கே மின்தடைக்குக் காரணமாவதும் இதே அயனிகளின் அதிர்வுதான். எலக்ட்ரான்கள் அதிர்வுகளோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கின்றனவோ அவ்வளவு அடிக்கடி அவை சிதறும், அவ்வளவுக்குத் தடையும் கூடும். அதே பிணைப்புதான் குளிரில் இரண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்துக் கட்டும் பசையாகவும் ஆகிறது. இந்தப் பிணைப்பின் வலிமையை ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம்: ஈயத்துக்கு அது 1.5 அளவிலும், அலுமினியத்துக்கு 0.4 அளவிலும், செம்புக்கு 0.13 அளவிலும் இருக்கிறது. தணிந்த பின்னும் எஞ்சும் மின்விலக்கத்துக்கு ஏறத்தாழ 0.1 கழிய வேண்டும் என்பதால் செம்பில் மிஞ்சுவது மிகச் சொற்பம். மாறுநிலை வெப்பநிலை இந்த மிச்சத்தை அடுக்குக்குறி வடிவில் சார்ந்திருக்கிறது; மிச்சம் சற்றே குறைந்தாலும் அது பன்மடங்கு சரிந்துவிடும். எனவே செம்புக்குக் கணக்கில் கிடைக்கும் வெப்பநிலை எந்தக் குளிர்விப்பானாலும் நெருங்க முடியாத அளவு சிறியது. செம்பு சிறந்த கடத்தியாக இருப்பதும் மீக்கடத்தியாக மறுப்பதும் அதன் எலக்ட்ரான்கள் அயனிகளை அதிகம் பொருட்படுத்துவதில்லை என்ற ஒரே இயல்பிலிருந்து வருபவை.

ஆனாலும் இதை மாறாத விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001-ல் 39 கெல்வினில் மீக்கடத்துவதாகக் கண்டறியப்பட்ட மக்னீசியம் டைபோரைடு நன்றாகவே கடத்தும் பொருள். அதன் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி மட்டும் போரான் அணுக்களின் அதிர்வோடு மிக வலுவாகப் பிணைய, மீதிப் பகுதி எளிதாகக் கடத்திக்கொண்டிருக்கிறது. மின்தடை மோதல்களின் மொத்தக் கணக்கைத்தான் சொல்கிறதே ஒழிய, மோதல் எதனோடு நிகழ்ந்தது என்பதைச் சொல்வதில்லை. ஓர் உலோகம் மோசமாகக் கடத்துகிறது என்று கேள்விப்பட்டவுடன் ஏன் என்று கேட்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. தடையின் காரணம் மாறும்போது மீக்கடத்தலின் கதையும் மாறிவிடுகிறது.

அயனி அதிர்வுக்கு அடுத்து, தடைக்கு இரண்டாவது காரணம் ஒழுங்கின்மை. அணுக்கள் வரிசை குலைந்து கிடந்தாலும், அயல் அணுக்கள் ஆங்காங்கே புகுந்திருந்தாலும் எலக்ட்ரான்கள் அவற்றில் மோதிச் சிதறும். அலுமினியத்தில் ஒரு கூப்பர் இணை பரவியிருக்கும் தூரம் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல். அழுக்கேறிய மாதிரி ஒன்றில் அந்த இடைவெளிக்குள் எலக்ட்ரான் நூற்றுக்கணக்கான முறை சிதறக்கூடும். இத்தனை சிதறலில் இணை பிரிந்துபோக வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். பிரிவதில்லை. 1959-ல் ஃபிலிப் ஆண்டர்சன் இதற்குக் கொடுத்த விளக்கம் எனக்கு இந்தத் துறையின் மிக அழகான வாதங்களுள் ஒன்றாகப் படுகிறது. தூய படிகத்தில் எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரண்டு எலக்ட்ரான்கள் இணைகின்றன என்கிறோம். உண்மையில் இணைவதற்குத் தேவைப்படுவது திசை அன்று, காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் ஒன்று மற்றொன்றாக மாறும் இரண்டு நிலைகள். காந்தத் தன்மையற்ற மாசு எலக்ட்ரானின் பாதையை எவ்வளவு கோணலாக்கினாலும், அதே கோணல் பாதையில் திரும்பி வரும் நிலை ஒன்று அதற்கு எப்போதும் உண்டு. இணைவு அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வதால் மாறுநிலை வெப்பநிலை அதிகம் குறைவதில்லை. காந்தத் தன்மையுள்ள மாசு இந்தச் சமச்சீரைக் குலைத்துவிடுவதால் அது மட்டும் சிறிதளவிலேயே மீக்கடத்தலைக் கொன்றுவிடுகிறது.

பிஸ்மத்தை எடுத்துக்கொண்டால் ஒழுங்கின்மை உதவியும் செய்கிறது. படிகப் பிஸ்மத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்களுக்கு ஒரே ஓர் இயங்கும் எலக்ட்ரான்தான். அதை முழு உலோகம் என்றும் சொல்ல முடியாமல் அரை உலோகம் என்பார்கள். மிகத் தூய படிகம் ஒன்று 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியாவதை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 2016-ல்தான் அளந்து அறிவித்தார்கள். அதே பிஸ்மத்தை மிகக் குளிர்ந்த தளத்தின்மேல் ஆவியாகப் படியவைத்து, அணுக்கள் வரிசை அமைக்க நேரமின்றி உறையச் செய்தால், அது 6 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகிறது. 1954-லேயே புக்கலும் ஹில்ஷும் கண்ட விளைவு இது. படிக அமைப்புதான் பிஸ்மத்தின் எலக்ட்ரான்களைக் கட்டிப்போட்டிருந்தது. அது குலைந்ததும் எலக்ட்ரான்கள் ஏராளமாக விடுபட்டு, மென்மையாகிப்போன அதிர்வுகளோடு வலுவாகப் பிணைகின்றன. ஆயினும் ஒழுங்கின்மைக்கும் ஓர் எல்லை உண்டு. இத்தகைய படலத்தை மேலும் மேலும் மெல்லியதாக்கினால், அதன் சதுரத் துண்டு ஒன்றின் மின்தடை 6.5 கிலோ ஓமுக்கு அருகில் வரும்போது, குளிரில் அது மீக்கடத்தியாவதற்குப் பதில் மின்காப்பியாகிவிடுகிறது. அந்த 6.5 கிலோ ஓம், பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்ட வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண். நான்கு வருவது மின்னூட்டம் இரண்டிரண்டாக நகர்வதற்கான அடையாளம்.

மோசமான உலோகம் என்ற பெயருக்கு முழுத் தகுதியுடையது மூன்றாவது வகைதான். செம்பில் அறை வெப்பநிலையில் எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரம் 39 நானோமீட்டர். ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே அது சுமார் 150 அணுக்களைக் கடந்துவிடுகிறது. தடை கூடக்கூட இத்தூரம் சுருங்கும். ஆனால் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சிறிய மோதலிடைத் தூரம் என்பதற்குப் பொருளே இல்லை. அலையாகப் பரவும் எலக்ட்ரான் தன் அலைநீளத்துக்குள்ளேயே பல முறை சிதறுகிறது என்று சொல்வதாகிவிடும். எனவே ஏதோ ஓர் அளவில் தடை நின்றுவிட வேண்டும். நியோபியம்-தகரச் சேர்மம் போன்ற, மீக்கடத்தும் காந்தங்களில் பயன்படும் பல உலோகச் சேர்மங்களில் அவ்வாறே நிற்கிறது: சூடேற்றிக்கொண்டே போனால் தடைத்திறன் 150 மைக்ரோ ஓம் சென்டிமீட்டரை ஒட்டிச் சமதளமாகிறது. செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில் நிற்பதில்லை. இந்த எல்லையைக் கடந்து, 1,000 மைக்ரோ ஓம் சென்டிமீட்டரையும் தாண்டி, வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. 1995-ல் விக்டர் எமரியும் ஸ்டீவன் கிவெல்சனும் இத்தகைய பொருள்களுக்குத்தான் மோசமான உலோகங்கள் என்று பெயரிட்டார்கள். இவற்றின் குறை தடையின் அளவோடு முடிவதில்லை. இங்கே எலக்ட்ரானைத் தடம் பிடித்துச் செல்லும் தனித் துகளாகக் கருதும் கண்ணோட்டமே செல்லாது.

1986-ல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் யோஹனஸ் பெட்னோர்ட்ஸும் அலெக்ஸ் முல்லரும் வெளியிட்ட முதல் வரைபடத்தை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த அந்தப் பீங்கான் போன்ற பொருளைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் தடை முதலில் சீராக இறங்குகிறது; பிறகு, மின்காப்பியாகப் போவதைப்போல மேலே ஏறத் தொடங்குகிறது; ஏறிய நிலையிலிருந்து 30 கெல்வின் அளவில் திடீரெனச் சரிகிறது. ஏழே ஆண்டுகளில், 1993-ல், பாதரசம் சேர்ந்த செம்பு ஆக்சைடு ஒன்றில் இயல்பான அழுத்தத்திலேயே மாறுநிலை வெப்பநிலை 133 கெல்வினை எட்டியது.

இந்தப் பொருள்களின் தாய்ச் சேர்மம், அதாவது வேதி மாற்றம் எதுவும் செய்யாத மூலப்பொருள், மின்காப்பி. எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது உலோகமாக இருந்திருக்க வேண்டும். செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்களில் செம்பு அணு ஒன்றுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் நிறைந்திருக்க, ஓர் எலக்ட்ரான் நகர வேண்டுமானால் ஏற்கெனவே ஆள் இருக்கும் அணுவுக்குள்தான் நுழைய வேண்டும். அங்குள்ள கடும் மின்விலக்கம் அதை அனுமதிப்பதில்லை. கூட்டம் நெருக்கியடித்து நிற்க, இடம் இருந்தும் நகர வழியில்லாத நிலை. இவ்வகைப் பொருளை மாட் மின்காப்பி என்பார்கள். நகர முடியாத எலக்ட்ரான்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (அவற்றை நுண் காந்தங்களாக்கும் இயல்பு) எதிரெதிராக அமைந்தால் ஆற்றல் குறைகிறது என்பதால் அவை எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கை மேற்கொள்கின்றன. பரிமாற்ற ஆற்றல் எனப்படும் அந்த ஆற்றல் குறைவை வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ 1,500 கெல்வின்.

இதிலிருந்து சில எலக்ட்ரான்களை வேதியியல் வழியே அகற்றினால் காலி இடங்கள், அதாவது துளைகள், உண்டாகி நகர்வு தொடங்குகிறது. தனித் துளை ஒன்று நகரும்போது எதிரெதிராக நின்ற தற்சுழற்சிகளின் வரிசையைக் கலைத்துக்கொண்டே போக வேண்டியிருப்பதால் அதற்கு ஒவ்வோர் அடியும் பெரும்பாடு. பொருள் மோசமாகக் கடத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களைப் பக்கத்துப் பக்கத்து அணுக்களில் சேர்த்துவைப்பதும் இதே பரிமாற்ற ஆற்றல்தான். 1987-லேயே ஆண்டர்சன் இந்த வழியைச் சுட்டினார். ஈயத்தின் இணைகள் மின்விலக்கத்தைக் காலத்தால் தவிர்த்தன என்றால், இங்குள்ள இணைகள் இடத்தால் தவிர்க்கின்றன: இணையின் அலைச்சார்பு (எலக்ட்ரான்கள் எங்கே இருக்கக்கூடும் என்பதைக் குறிக்கும் கணித வடிவம்) நான்கு இதழ்களாக, அடுத்தடுத்த இதழ்களில் குறி மாறி அமைந்து, இரு எலக்ட்ரான்களும் ஒரே அணுவில் சந்திக்கும் வாய்ப்பைச் சுழியாக்கிவிடுகிறது. 1993, 1994 ஆண்டுகளில் இந்தக் குறிமாற்றத்தையே நேரடியாகக் கண்டறிந்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. குறி மாறும் இணைக்கு ஆண்டர்சனின் 1959-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு கிடையாது. செம்புக்குப் பதில் நூற்றுக்குச் சில துத்தநாக அணுக்களைப் புகுத்தினாலே மீக்கடத்தல் அழிந்துவிடும். எலக்ட்ரான்களுக்கிடையிலான விலக்கத்தால் மோசமான உலோகமும் ஒழுங்கின்மையால் மோசமான உலோகமும் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும் உள்ளே நேர் எதிரானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனிதான் இவ்விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். இணைகள் உருவாவது மட்டும் மீக்கடத்தல் ஆகிவிடாது. ஒவ்வோர் இணைக்கும் ஓர் அலைக்கட்டம் உண்டு; அதன் அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே அது. பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லா இணைகளின் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால்தான் தடையற்ற ஓட்டம், அதாவது மீஓட்டம், கிடைக்கும். அந்த ஒருமிப்பைக் கலைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைக் கட்ட விறைப்பு என்று சொல்லலாம். மீஓட்டத்தில் பங்கேற்கும் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாகவும் எளிதில் நகரக்கூடியனவாகவும் உள்ளனவோ அவ்வளவுக்கு விறைப்பும் கூடும். ஈயத்தில் கட்ட ஒருமிப்பு தானாகக் குலைவதற்கு வேண்டிய வெப்பநிலை அதன் மாறுநிலை வெப்பநிலையைப் போல் லட்சம் மடங்கு அளவினது. எனவே அங்கே இணைகள் உருவான மறுகணமே ஒருமித்துவிடுகின்றன. இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்பதே கண்ணுக்குப் படுவதில்லை. மோசமான உலோகத்தில் நகரும் துளைகள் சொற்பம், அவையும் தட்டுத்தடுமாறி நகர்பவை. அங்கே கட்ட விறைப்பு மாறுநிலை வெப்பநிலையின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. எமரியும் கிவெல்சனும் முன்வைத்த கருத்து இதுதான்: இத்தகைய பொருளில் மீக்கடத்தலின் உச்ச வெப்பநிலையைத் தீர்மானிப்பது இணைவின் வலிமை அன்று, ஒருமிப்பின் வலிமை.

இதற்குச் சான்று முன்பே கிடைத்திருந்தது. மியூவான் துகள்களைப் பொருளுக்குள் செலுத்தி மீஓட்ட அடர்த்தியை அளந்த உயெமுரா குழுவினர், துளைகள் குறைவாக உள்ள செம்பு ஆக்சைடுகளில் மாறுநிலை வெப்பநிலை அந்த அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருப்பதை 1989-ல் காட்டினார்கள். 1999-ல் டெராஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேர அளவில் சோதித்தபோது, மாறுநிலை வெப்பநிலைக்கு மேலேயும் விறைப்பு சிறிது தங்கியிருப்பது தெரிந்தது. நெடுநேரம் பார்த்தால் தடையுள்ள உலோகம். கண் இமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய கணத்தில் பார்த்தால் மீக்கடத்தி. துளைகளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மாறுநிலை வெப்பநிலை ஏறி, நூறு செம்பு அணுக்களுக்கு 16 துளைகள் அளவில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குவதையும் இதே நோக்கில் படிக்க முடிகிறது. ஏறும் சரிவில் இணைவு வலுவானது, விறைப்பு போதவில்லை. இறங்கும் சரிவில் பொருள் நல்ல உலோகமாகிக்கொண்டிருக்கிறது, இணைவு தளர்கிறது. இந்த விளக்கம் ஏறும் சரிவுக்கு இறங்கும் சரிவைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் மதிப்பீடு.

தடைக்கும் மீக்கடத்தலுக்கும் உள்ள உறவை எண்களாகவே காட்டும் தொடர்பு ஒன்றை 2004-ல் ஹோம்ஸ் குழுவினர் வெளியிட்டனர். மாறுநிலை வெப்பநிலையையும் அதற்குச் சற்று மேலே அளந்த மின்கடத்துத்திறனையும் பெருக்கினால், அப்பெருக்கல்பலன் முழுக் குளிரில் உள்ள மீஓட்ட அடர்த்திக்கு நேர்விகிதத்தில் அமைகிறது; செம்பு ஆக்சைடுகளோடு ஈயமும் நியோபியமும்கூட அக்கோட்டை ஒட்டியே விழுகின்றன. இதைத் திருப்பிப் படித்தால், ஒரே அளவு மீஓட்ட அடர்த்தி கொண்ட இரண்டு பொருள்களில் உயர்ந்த மாறுநிலை வெப்பநிலை உடையது எதுவோ அதுவே அவ்வெப்பநிலைக்கு மேலே மோசமாகக் கடத்தும்.

செம்பு ஆக்சைடுகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டியதில்லை. 2008-ல் ஹோசோனோ குழுவினர் 26 கெல்வினில் மீக்கடத்துவதாகக் கண்ட இரும்பு-ஆர்செனிக் சேர்மம், சில கரிமச் சேர்மங்கள் ஆகியவையும் இயல்பு நிலையில் மோசமான உலோகங்களே. 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறுகளுக்கு இடையே பொட்டாசியம் புகுந்த படிகம் 1991-ல் 18 கெல்வினில் மீக்கடத்தியது. சீசியம் புகுந்தது அழுத்தத்தின் கீழ் 38 கெல்வினில் மீக்கடத்துகிறது, அழுத்தத்தை நீக்கினால் மாட் மின்காப்பியாகிவிடுகிறது. இங்கே பசையாக இருப்பது பழைய மூலக்கூறு அதிர்வுதான். எலக்ட்ரான்களை மூலக்கூறுகளுக்கு இடையே தாவவிடாமல் மின்விலக்கம் தடுப்பதால், அவை ஒவ்வொரு பந்துக்குள்ளும் நெடுநேரம் தங்கி அதன் அதிர்வோடு இன்னும் நன்றாகப் பிணைகின்றன. கடத்தலைக் கெடுக்கும் விலக்கமே இணைவுக்குத் துணைபோகும் இந்த ஏற்பாட்டைப் பழைய கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

உயர்ந்த மாறுநிலை வெப்பநிலைக்கு வலுவான இணைவும் வேண்டும், போதிய விறைப்பும் வேண்டும் என்றால், முன்னது மோசமான உலோகத்திலும் பின்னது நல்ல உலோகத்திலும் கிடைக்கும்போது, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் என்ன என்ற கேள்வி தானே எழுகிறது. கிவெல்சனும் வேறு சிலரும் இதைக் கோட்பாட்டு அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 133 கெல்வின் தொட்ட அந்தப் பாதரசச் சேர்மத்தின் படிகத்தில் செம்பு-ஆக்சிஜன் தளங்கள் மும்மூன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தளம் கொண்ட அதன் உறவினரைவிடவும் இரட்டைத் தளம் கொண்டதைவிடவும் இம்மூன்றடுக்குக்கே மாறுநிலை வெப்பநிலை அதிகம். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் தளம் தளமாகச் சோதித்தபோது, பல தளங்களை உடைய இச்சேர்மங்களில் வெளித்தளங்களில் துளைகள் கூடுதலாகவும் நடுத்தளத்தில் குறைவாகவும் இருப்பது தெரியவந்திருக்கிறது. கிவெல்சனின் நோக்கில், கடத்தத் திணறும் நடுத்தளம் இணைவின் வலிமையைக் கொடுக்க, அதன் மேலும் கீழுமாக அரை நானோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள நன்கு கடத்தும் தளங்கள் அந்த இணைகளை ஒரே கட்டத்தில் பிடித்து நிறுத்துகின்றன.